காலிப் பெட்டி

என் அத்தானைத் தேடி ஆட்கள் வருவார்கள். படம் எடுத்துக்கொள்ள வருவது குறைந்து ரொம்ப நாளாகிறது. இவர்கள் கேள்வி கேட்க வருகிறவர்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு நோட்டு, முகத்தில் ஒரு பயபக்தி. ஸ்டூடியோ கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே தெரிந்துவிடும்.

"சார், எல்லாரும் மாறியாச்சு. நீங்க மட்டும் ஏன் இன்னும் இந்தப் பிலிம் கேமராவையே வெச்சிருக்கீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காலையில் சவரம் செய்துகொண்டவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். உச்சி குளிர்ந்துவிடும் மனுஷனுக்கு.

மூன்று காரணம் சொல்வார். ஒன்று, இதில் பேட்டரியே கிடையாது. எல்லாம் பல்சக்கரமும் வில்லும்தான், நடுவழியில் செத்துப்போகாது. இரண்டு, இது ஒற்றைக் கேமரா இல்லை, ஒரு குடும்பம். உடம்பு தனி, லென்ஸ் தனி, மேலே குனிந்து பார்க்கிற மூடி தனி, பின்னால் பிலிம் போடுகிற பெட்டி தனி. எதையும் கழற்றி எதிலும் மாட்டலாம்; முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய லென்ஸ் இன்றைக்கும் கச்சிதமாக உட்காரும். மூன்றாவதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். "பன்னண்டுதான் இருக்குன்னு தெரிஞ்சா, மனுஷன் பொய்யா ஒரு படம் எடுக்க மாட்டான் தம்பி." பிள்ளைகள் கிறுகிறுவென்று எழுதிக்கொள்ளும். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே பன்னண்டு. 'பன்னண்டு கடையில இருக்காரா?' என்றுதான் கேட்பார்கள்.

நாலாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அதை அவர் சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் ஏற்கெனவே பேர். புதிதாகக் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

நான் அவருடைய மனைவிக்குத் தங்கை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. வாரத்தில் ஆறு நாள் ஊரார் ரத்தம் பட்ட விரிப்புகளோடு மல்லுக்கட்டுவேன். ஏழாவது நாள் ஸ்டூடியோவில் முகத்துக்கு வெளிச்சம் திருப்புகிற வெள்ளை அட்டை பிடிப்பேன், இல்லாவிட்டால் ஏதாவது கல்யாண மண்டபத்தில் விளக்குப் பிடிப்பேன். ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் அறை. அதில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேஜை, ஊசி மாதிரி சீவிய பென்சில்கள், ஒரு பூதக்கண்ணாடி, பாதியாக உடைத்த பிளேடுகள். அந்த மேஜையில் அக்கா இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்தாள். டச்சப் வேலை. நெகட்டிவில் இருக்கிற பருவை, தழும்பை, கண்ணுக்குக் கீழே தொங்குகிற பையை, ரெட்டைத் தாடையைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு இல்லாமல் ஆக்குவாள். அக்கா கை பட்டு அழகாகாத முகம் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் அத்தானைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

சரி, நாலாவது காரணம். அந்தக் கேமராவில் திரை கிடையாது. எடுத்தது என்ன என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

பின்னால் மாட்டுகிற பெட்டி அவரிடம் இரண்டு. ஒன்றில் பிலிம் இருக்கும். இன்னொன்று எப்போதும் காலி. கல்யாண வீட்டில் 'என்னை ஒண்ணு எடு, என் மச்சானோட ஒண்ணு எடு' என்று சட்டையைப் பிடித்து இழுக்கிறவர்கள் உண்டல்லவா? அவர்களுக்காகவே காலிப் பெட்டி. ஒரு நொடியில் மாற்றிவிடுவார். பிளாஷ் அடிக்கும், க்ளிக் என்று கேட்கும், "அடடா, பிரமாதம், கண்ணு மூடவே இல்ல" என்பார். அவர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு போவார்கள். படம் கேட்டு வந்தால் பதில் சொல்வது அக்கா. அந்தப் பதிலைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பென்சிலிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரோல்ல வெளிச்சம் பட்டிருச்சுங்க" என்பாள். பிலிம் பாழ் என்று அர்த்தம். வாய் கூசாது. காலிப் பெட்டி எது என்று அவசரத்தில் குழம்பக் கூடாதே என்று அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். அழிய அழிய வருஷத்துக்கு ஒரு தரம் புதிதாக வைப்பாள்.

பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒருவர், மகளின் கல்யாணத்தில் கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதற்காக நாலு தடவை நடந்தார். நாலாவது தடவை, "பரவால்லம்மா, படம்னா அப்படித்தான்" என்று அக்காவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது பத்தினி வேஷம் போடுவானேன்.

பிறகு அக்காவுக்கு வாய்க்குள் புண் வந்தது. ஆறவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். இடப் பக்கத் தாடை எலும்பையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வியாழக்கிழமை ஆபரேஷன். பிழைப்பேனா என்று அவள் கேட்கவில்லை. "மூஞ்சி எப்படி இருக்கும் டாக்டர்?" என்று கேட்டாள். அவர் ஒரு தாளில் முகம் மாதிரி ஒரு வட்டம் போட்டு, அதன் இடப் பக்கத்தைப் பேனாவால் உள்ளே இழுத்தார். அக்கா அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் சொன்னாள்: "என்னங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி என்னை எடுத்துருங்க. ஒரு ரோல். பன்னண்டும் எனக்கே எனக்கு."

அதுவரை அவளுக்கென்று ஒரு படம் இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். கல்யாணப் படம் ஒன்று உண்டு; இருபத்தொரு வயசில் தலை குனிந்து நிற்கிறாள், வகிடுதான் தெரியும். அடையாள அட்டையில் இருப்பது திருடியைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தியது மாதிரி இருக்கும். என் போனைத் தூக்கினால் உடனே கையை நீட்டி மறைப்பாள். "அதுல வேண்டாம்டி. என் மூஞ்சிய எடுக்க வீட்டுலயே ஆள் இருக்கு." என் போனில் அவள் உள்ளங்கை ஏழெட்டு இருக்கிறது. ஊரார் முகத்தையெல்லாம் சரிபண்ணிக்கொண்டிருந்தவளுக்குத் தன் முகம் இருக்கிற கடைசி நாலு நாளில்தான் அதன் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நான்தான் தலை வாரிவிட்டேன். கரும்பச்சைப் புடவை அவளுக்கு எடுப்பாக இருக்கும், அதையே கட்டிக்கொண்டாள். அத்தான் ஜன்னலை ஒட்டி ஸ்டூலைப் போட்டார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு ரொம்பப் பதமாக நடந்துகொண்டார். அவள் தாடையை இரண்டு விரலால் தொட்டுத் திருப்பினார்.

"கொஞ்சம் இறக்கு… போதும். என்னைப் பாக்காத. ஜன்னலைப் பாரு. மூச்ச விட்டுரு… ஆங், அப்படி."

நான் வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். போனை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "சும்மா இருடி, அவரு எடுக்கறாருல்ல" என்றாள். க்ளிக். கைப்பிடியைச் சுற்றினார். க்ளிக். சுற்றினார். க்ளிக். மூன்றாவதுக்குப் பிறகு கேமராவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியைத் துடைத்தார்.

"என்னங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. வெளிச்சம் மாறுது."

பிறகு ஒன்பது எடுத்தார். நிதானமாக, ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்லி. பன்னிரண்டாவதுக்கு, "இதுதான் படம்" என்றார். அக்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்கு அட்டையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

வியாழக்கிழமை ஆபரேஷன் முடிந்தது. தாடையோடு நாக்கிலும் பாதியை எடுத்திருந்தார்கள். பேச்சு போய்விட்டது, கட்டுப் பிரித்த பிறகும் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நான் வெளுத்த விரிப்பில்தான் படுத்திருந்தாள். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். அவள் முதலில் எழுதியது, வலி என்றோ தண்ணீர் என்றோ இல்லை. 'படம் கழுவியாச்சா?'

"கழுவணும். நீ வீட்டுக்கு வா, சேந்தே பாக்கலாம்" என்றார் அத்தான். அதைச் சொல்லும்போது மேலே தொங்கிய மருந்து பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டிலைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், அவள் காலைப் பார்ப்பார்.

வீட்டுக்கு வந்து பத்தாவது நாளே அக்கா மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சியை ஸ்பூனால் வலப் பக்கமாக ஊற்றிக்கொண்டு, இடப் பக்கம் வழிவதைத் துண்டால் துடைத்துக்கொண்டு, எவளோ ஒருத்தியின் கன்னத்துப் பருவை எடுத்துக்கொண்டிருப்பாள். தினமும் காலையில் ஒரு துண்டுத் தாள் அத்தானுக்குப் போகும். 'என் படம்?' அவர் சொல்லுக்குக் குறையே இல்லை. மருந்து தீர்ந்துபோச்சு. தண்ணி கலங்கலா வருது. அடுத்த வாரம். அவளும் நம்பினாள். நம்பாமல் என்ன, கட்டின புருஷன். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. 'அந்த மூஞ்சிய ஒரு தடவை பாத்துட்டா இதோட இருந்துக்குவேன்டி' என்று எனக்கு எழுதிக் காட்டினாள்.

ஐந்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அக்கா தாளை நீட்டினாள். அத்தான் வாங்கினார், படித்தார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரோல்ல வெளிச்சம் பட்டிருச்சும்மா."

அக்காவின் பென்சில் நின்றது. உலகத்தில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். எந்த வாயால், யாரிடம் போய்ச் சொல்கிறார் பாருங்கள்! அவள் எழுந்தாள். அலமாரியைத் திறந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றைத் திறந்தாள். பிலிம் இருந்தது. புதிதாகப் போட்ட முழு ரோல். மற்றதைத் திறந்தாள். காலி. நோட்டில் எழுதினாள்: 'எது?'

அவர் காலிப் பெட்டியைப் பார்த்தார்.

"புள்ளி அழிஞ்சிருந்துச்சு" என்றார். "நீதானே வருஷா வருஷம் வைப்பே. இந்த வருஷம் வைக்கல."

நான் குறுக்கே பாய்ந்தேன். "வாய்க்குள்ள புத்துநோயோட இருந்தவ வந்து உங்களுக்குப் புள்ளி வைக்கணுமா? எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மூணாவதுல. கைப்பிடி லேசா சுத்துச்சு. பிலிம் இருந்தா அப்படிச் சுத்தாது."

"மூணாவதுல தெரிஞ்சு, மிச்ச ஒம்பதையும் எதுக்குய்யா எடுத்தே?"

அத்தானை 'யா' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நீ அட்டையப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நிக்கறே. அவ அப்படிச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அந்த நேரத்துல நிறுத்திட்டு, பெட்டிய மாத்தி மாட்டிட்டேன்னு எப்படிச் சொல்றது? முப்பது வருஷமா தொழில் பண்றவன் நான். மறுநாள் வேற ஏதாவது சொல்லி எடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

மறுநாள் திங்கட்கிழமை அவருக்கு ஒரு கல்யாணம். செவ்வாய்க்கிழமை நோட்டும் கையுமாக நாலு பிள்ளைகள் எங்கிருந்தோ வந்திருந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் போகும்வரை அவர்களுக்குத் தன் கேமராவின் நேர்மையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அக்கா துணிமணி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அக்கா எழுதினாள். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி எழுதினாள். 'பெட்டிய மாத்த ஒரு நிமிஷம் ஆகுமா? ஒரு நிமிஷம்.' அத்தான் அதைப் படித்தார். என்ன சொல்லப் போகிறார் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பக்கம் மணி அடித்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டு, பிலிம் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில், "தோளை நேரா வைங்க… மூச்ச விட்டுருங்க… ஆங், அப்படி" என்று அவர் குரல் கேட்டது.

அக்கா காலிப் பெட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். காரை பெயர்ந்து விழுந்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அடிக்கிற பெருமையில் அது ஒன்றாவது நிஜம்.

போலீசுக்குப் போ, கேமராவைப் போட்டு உடை, என்னோடு கிளம்பி வந்துவிடு என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், எழுதினாள்: 'பழைய நெகட்டிவ் எல்லாத்தையும் இறக்கு.'

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இருபத்தேழு வருஷக் கல்யாணங்கள்! எல்லாவற்றுக்கும் அவளும்தானே போயிருக்கிறாள். பொண்ணு பின்னால் விளக்கோடு நின்றிருக்கிறாள், மடிப்பைச் சரிபண்ணியிருக்கிறாள். எத்தனை ஆயிரம் படம்! ஏதாவது ஒன்றின் ஓரத்தில், யார் தோளுக்குப் பின்னாலாவது அவள் முகம் இல்லாமலா போய்விடும்? ஒன்று போதும். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்க இறக்க எனக்கே கையில் புதுத் தெம்பு வந்தது. அத்தானும் ஓர் ஓரத்தைப் பிடித்து இறக்கிக் கொடுத்தார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். நான் உறையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன், அவள் கண்ணாடி மேஜையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பாள். முழங்கை கிடைத்தது. முதுகு கிடைத்தது. விளக்கைப் பிடித்த கை கிடைத்தது. அவள் வளையல்தான், எனக்குத் தெரியும். "பாத்தியா, கிட்ட வந்துட்டோம்" என்றேன். அவள்கூட அந்தக் கோணல் வாயால் சிரித்த மாதிரி இருந்தது.

மூன்றாவது ஞாயிறு ஒரு பெரிய குடும்பப் படம் வந்தது. நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும், சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், பின்னால் இருட்டான மண்டபம். பொண்ணின் தோளுக்கு மேலே, பின்னால் தொங்கிய திரையின் ஓரத்தில், நகத்தளவு இடத்தில் பிலிமில் ஒன்றுமே இல்லை. கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

"இது என்னக்கா? பூச்சி அரிச்சிருக்கா?"

அக்கா பூதக்கண்ணாடியை அதன் மேல் வைத்தாள். ரொம்ப நேரம் குனிந்தபடியே இருந்தாள். பிறகு உறைக்குள் கைவிட்டு, டச்சப்புக்கு முன்னால் போட்டு அதோடு வைத்திருந்த மாதிரிப் பிரிண்டை எடுத்தாள். அதில் திரை ஓரத்தில் ஒரு முகம் இருந்த இடத்தைச் சுற்றி அத்தான் கறுப்பு மையால் அழுத்தி அழுத்தி வட்டம் போட்டு நிரப்பியிருந்தார். பக்கத்தில் அவர் கையெழுத்தில் 'எடு' என்று ஒரே ஒரு வார்த்தை.

அக்கா நோட்டை இழுத்து எழுதினாள்: 'நான்.'

எனக்குப் புரியவில்லை. அவள் கீழே எழுதிக்கொண்டே போனாள். 'பின்னாடி லைட்டோட நின்னேன். கல்யாணப் படத்துல வேலைக்காரங்க தெரியக் கூடாதும்பாரு. நெகட்டிவ்ல பிளேடால சுரண்டிட்டா பிரிண்ட்ல இருட்டோட சேந்துரும். எங்கெல்லாம் தெரியறேனோ அங்கெல்லாம் சுரண்டிருவேன். கைப் பழக்கம், இப்பத்தான் ஞாபகம் வருது.'

அடுத்த உறையைத் திறந்தேன். அதிலும் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்ததிலும். மண்டபத் தூண் பக்கத்தில், மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால், வாசல் கதவு ஓரத்தில். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய கீறல்கள் தெரிந்தன, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஒன்றை ஒன்று தொடாமல், அத்தனை சுத்தமாக. வேறு யாருக்கும் அந்தக் கை வராது. இருபத்துமூன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை.

"இத்தனை பெட்டி இருக்கேக்கா" என்றேன். "அவசரத்துல எதையாவது விட்டிருப்பே. ஒண்ணாவது தப்பியிருக்கும். ஒண்ணே ஒண்ணு."

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். பென்சிலை எடுத்து, இந்தத் தடவை அழுத்தாமல், அழகான எழுத்தில் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

'நான் வேலையில ஒண்ணையும் விட மாட்டேன்டி.'

நிமிர்ந்து பார்த்தேன். மிச்சமிருந்த பாதி முகத்தில் இருந்தது பெருமை. ஐயோ, பெருமையேதான். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஓர் அறை விடவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் உறைகளைப் பொறுக்கித் திரும்பவும் பெட்டியில் அடுக்கினேன்.